கொலஸ்ட்ரோல் இல்லாத இறால்

நானா நளீம் மௌத்தாகி நாற்பத்தோராம் நாள் ஸஹ்றா இனாஸைப் பார்த்துச் சிரித்தாள்.

சிரிப்பதற்கு அவள் ஆயத்தம் செய்திருந்தாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, சகன் தட்டுகளைச் சுற்றியிருந்து சாப்பிட்டவர்கள் கை கழுவிப் போன பிறகு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு முறை சிரித்துப் பார்த்தாள். முதல் சிரிப்பில் பல் மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது பரவாயில்லை. மறுநாள் பாடசாலை விட்டதும் கற்பிட்டி வீதியிலிருக்கும் இனாஸின் தீவனக் கடைக்குப் போய், அந்த இரண்டாவது சிரிப்பைச் சிரித்தாள்.

"இனாஸ் நானா, சுகமா ஈக்கிறீங்களா?"

நானா என்றால் அண்ணன்; ஊர் வழக்கத்தில் மூத்த ஆண்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிட வேண்டும். சொந்த நானாவைக் கூப்பிட்ட வாயாலேயே அவனையும் அப்படிக் கூப்பிட்டாள்.

இனாஸ் கதிரையை இழுத்துப் போட்டான். நளீமின் தங்கை சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். சிரிப்பைக் கண்டதும் தோள் தளர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ் டீச்சர். டீ குடிக்கிறீங்களா?"

குடித்தாள். சீனி கூடிய தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னாள். பாடசாலையில் விஞ்ஞான தினம் வருகிறது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்யப் போகிறாள். எட்டுத் தொட்டிகளில் இறால். நான்கு தொட்டிக்கு இனாஸின் புதுத் தீவனம். மற்ற நான்குக்கு அதே தீவனம்தான், ஆனால் கொலஸ்ட்ரோல் சேர்த்தது. எது நன்றாக வளர்கிறது என்று ஊரே வந்து பார்க்கலாம்.

"நம்மட சாமான்தான் வெல்லும்," என்றான் இனாஸ் உடனே. "கொலஸ்ட்ரோல் திண்ட இறாலெல்லாம் நெஞ்சடைச்சுச் சாகும், பாருங்க!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நளீம் செத்தது மாரடைப்பில். அது அவனுக்கு ஞாபகம் வரவேயில்லை. ஸஹ்றாவும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மட்டும் அவள் முன்கூட்டிப் பழகியிருக்கவில்லை.

கண்டக்குழியில் பிறந்தவள் அவள். வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அவளுக்கு ஆறு வயது, நளீமுக்குப் பதினைந்து. அவன் அந்த வருடமே படிப்பை விட்டான். மற்றவர்களின் இறால் பண்ணைகளில் சேறு அள்ளி, காவல் இருந்து, கடைசியில் கடல்நீர் தேங்கும் களப்பு ஓரத்தில் இரண்டு குளங்களைத் தனக்கென்று வெட்டினான். அந்த இரண்டு குளங்களும்தான் அவளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பின.

அங்கே கடைசி வருடத்தில் அவள் ஆராய்ந்தது கல மென்சவ்வை. உயிருள்ள ஒவ்வொரு கலத்தையும் சுற்றி நிற்கும் கொழுப்புச் சுவர் அது. அந்தச் சுவரைப் போலவே கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழிகளைச் செய்து, உள்ளே ஒளிரும் சாயத்தை அடைத்து, எவ்வளவு வெளியே கசிகிறது என்று அளந்தாள். விலங்குகளின் ஸ்டெரோலான கொலஸ்ட்ரோலைச் சுவரில் கலந்தபோது சாயம் உள்ளேயே நின்றது. சோயாவிலிருந்து எடுத்த ஸ்டெரோல் ஒன்றைக் கலந்தபோது அதைவிடக் கூடுதலாகக் கசிந்தது. இரண்டு மூலக்கூறுகளும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போலத்தான். சோயாவுடையதற்கு வாலில் இரண்டு காபன் அணுக்கள் கூட. அவ்வளவுதான் பெரிய வித்தியாசம்.

விடுமுறையில் வந்து இதை நளீமிடம் சொன்னபோது அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "கொழுப்பப் பத்திப் படிக்கவா இவ்வளவு தூரம் போன? உனக்கிட்ட ஈக்கிறது போதாதா?"

அவள் ஆசிரியையாகத் திரும்பி வந்தாள். நளீம் ஹாஜராவைக் கலியாணம் முடித்தான். அதே வீட்டின் பின் அறையில் ஸஹ்றா இருந்தாள். நாற்பத்தாறு வயதில் நளீமின் இதயக் குழாயில் அடைப்பு வந்து, கொழும்பில் ஸ்டென்ட் வைத்தார்கள். டொக்டர் எழுதிக் கொடுத்த விலக்குப் பட்டியலில் இறாலும் கணவாயும் முதல் வரியில் இருந்தன. இறால் வளர்க்கிறவன் இறால் தின்னக் கூடாது. ஊரில் அது ஒரு பகிடியாகிப் போனது. நளீமே அதைச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் கொலஸ்ட்ரோல் என்ற சொல்லைக் கேட்டால் உள்ளுக்குள் பயந்தான்.

போன வருடம் ஒரு கலியாண வீட்டில் இனாஸ் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டான். "டீச்சர், சோயாவுல ஈக்கிற ஒரு சாமான் கொலஸ்ட்ரோலக் குறைக்குமாமே, மெய்யா?"

"ஓம். தாவர ஸ்டெரோல். நாங்க சாப்பிட்டா குடல்ல கொலஸ்ட்ரோல் போற வழிய அது மறிச்சிரும். நெஞ்சு வருத்தக்காரருக்கு நல்லம்."

பிறகு பிரியாணி வந்தது. அவள் அந்தக் கதையை மறந்தாள். இனாஸ் மறக்கவில்லை.

அடுத்த போகத்துக்கு அவனுடைய கடையில் புதுத் தீவனம் வந்தது. மீன் தூளும் கணவாய்த் தூளும் இல்லாமல் முழுக்கச் சோயாவில் செய்தது. பையின் மேல் ஒரு பச்சை ஒட்டி, அதில் எழுத்து: கொலஸ்ட்ரோல் இல்லாதது. "நெஞ்சு வருத்தமே வராத இறால். வெளிநாட்டுக்காரன் அடிபட்டு வாங்குவான். நளீமுட தங்கச்சி, கெம்பஸ்ல படிச்ச டீச்சர், அவவே நல்லம் என்டு சொன்னா," என்று கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னான்.

நளீம் நம்பினான். தங்கையின் பெயரில் விற்கும் சாமானைத் தங்கையிடம் விசாரிக்க வேண்டுமா? அதோடு நிற்கவில்லை. கண்டக்குழிக் கரையில் படகுக்காரர் எறியும் கணவாய்க் குடலை அள்ளி வந்து, அரிந்து குளத்தில் போடுவது அவனுடைய பழைய பழக்கம். அதையும் விட்டான். தனக்குக் கூடாதது தன் இறாலுக்கும் கூடாது என்று நினைத்தான். பிள்ளைக்குப் பத்தியம் காப்பது போல அந்த இறால்களுக்குப் பத்தியம் காத்தான்.

மனிதனின் ஈரல் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ரோலைத் தானே செய்துகொள்ளும். இறாலுக்கு அந்த வசதி இல்லை. தின்றால்தான் உண்டு. சோயா ஸ்டெரோலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும், போதாது. கலத்தின் சுவருக்கும் அது வேண்டும், பழைய ஓட்டைக் கழற்ற உதவும் சுரப்புக்கும் அது வேண்டும். குஞ்சு விட்ட நாற்பத்திரண்டாம் நாள், முழு நிலவை ஒட்டி இறால்கள் ஓடு கழற்றும் நேரத்தில், நளீமின் குளங்களின் ஓரமெல்லாம் செத்த இறால் ஒதுங்கியது. பாதி ஓடு கழன்றபடி. கழற்றி முடித்தவையும் நனைந்த கடதாசி போல இருந்தன.

"புள்ளி இல்ல," என்றான் நளீம், பார்க்க வந்தவர்களிடம் ஒன்றை நீட்டி. "வெள்ளைப் புள்ளி நோய் என்டா ஓட்டுல புள்ளி ஈக்கணுமே. பாருங்க, இல்ல."

யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. ஆனாலும் அவன் இறால் பண்ணைக்காரர் சங்கத்தின் விதியை மீறவில்லை. நோய் என்ற சந்தேகம் வந்தால் மதகைத் திறக்கக் கூடாது. மருந்து போட்டுத் தண்ணீரை அடைத்து வைக்க வேண்டும். களப்பு ஓரத்துப் பண்ணைகள் எல்லாம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவை. நோய்த் தண்ணீரை வாய்க்காலில் விடுகிறவனை அங்கே கள்வனைவிடக் கேவலமாகப் பார்ப்பார்கள். நளீம் மருந்து போட்டான், மதகுக்கு மண்மூட்டை அடுக்கினான், ராத்தூக்கம் விட்டுக் காவல் இருந்தான்.

எட்டு நாள் கழித்து மேலும் மூன்று பண்ணைகளில் இறால் செத்தது. மூன்று பேரும் இனாஸின் தீவனம் போட்டவர்கள். அதை யாரும் யோசிப்பதற்கு முன்னால் இனாஸ் சங்கத்தில் எழுந்தான். "நளீம் ராவைக்கு மதகத் தொறந்துட்டான். என்ட லொறிக்காரன் கண்டான்."

லொறிக்காரன் யார் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த போகத்துக்கு நளீம் குஞ்சு விடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். தலைவர் முத்தலிபு கையெழுத்து வைத்தார். இருபது நாள் கழித்து, காலையில் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கும்போது நளீம் கிணற்றடியில் விழுந்தான்.

இறந்தவரைக் கிடத்தும் சந்தூக்கைத் தூக்குவதில் அந்த ஊரில் ஒரு முறை உண்டு. பத்து அடிக்கு ஒரு தோள் மாறும். நன்மையில் பங்கு கேட்டு ஆட்கள் முண்டியடிப்பார்கள். நளீமின் சந்தூக்கை வீட்டிலிருந்து மையவாடி வரைக்கும் தூக்கியது ஒரே ஆறு பேர். வேலிக்குள் நின்று ஸஹ்றா பார்த்தாள். முன்னால் வலப்பக்கம் தூக்கியவரின் சேர்ட் தோளில் நனைந்து கறுத்திருந்தது. சங்கத்து ஆட்கள் கடை வாசலில் நின்றார்கள். இனாஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலைகுனிந்து நின்றான், துக்கம் இருப்பவன் போல.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஆட்களுக்கு முன்னால், அந்த வாயாலேயே, நளீம் மதகைத் திறக்கவில்லை என்று இனாஸ் சொல்ல வேண்டும். சொல்லும்போது அவனுடைய கால் நடுங்குவதை அவள் பார்க்க வேண்டும்.

அதனால்தான் அவள் எல்லாவற்றையும் அவன் கையாலேயே செய்வித்தாள். இறாலை அவனுடைய சாச்சாவின் மகனுடைய குளத்திலிருந்து, நோயில்லை என்ற பரிசோதனைத் துண்டோடு அவனே கொண்டுவந்து கொடுத்தான். எட்டு நீலத் தொட்டிகளுக்கும் முப்பது முப்பதாக அவனே எண்ணி விட்டான். எந்த நான்கு தொட்டி அவனுடையது என்பதையும் அவனே சீட்டெடுத்துப் பிரித்து, பச்சை ஒட்டியை ஒட்டினான். மற்ற நான்கின் தீவனத்தில் ஸஹ்றா சேர்த்தது, பல்கலைக்கழகத்துத் தோழி ஒருத்தி அனுப்பிய வெள்ளைத் தூள்: தூய கொலஸ்ட்ரோல். கிலோவுக்கு மூன்று கிராம், கொஞ்சம் எண்ணெயில் கரைத்து. பச்சை ஒட்டித் தொட்டிகளின் தீவனத்துக்கு வெறும் எண்ணெய், அதே அளவு. வேறு வித்தியாசம் எதுவும் இருக்கக் கூடாது. அவன் நுழைந்து தப்ப ஓர் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது.

வாரத்துக்கு ஒருமுறை இனாஸ் வந்து தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்து முகநூலில் போட்டான். ஊர் முழுக்கப் பார்த்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஸஹ்றா விருப்பம் போட்டாள்.

"என்ன புள்ள இது?" என்றாள் ஹாஜரா, கைத்தொலைபேசியை நீட்டி. கணவனை இழந்தவள் அந்நிய ஆண்களைக் காணாமல் வீட்டிலிருக்கும் இத்தாக் காலம்; அவளுடைய வெள்ளை முந்தானை கசங்கியிருந்தது. "நானாட கபுறு மண்ணே காயல்ல. அதுக்குள்ள இவனோட பல்லக் காட்டிட்டு நிக்கிறியா?"

"கொஞ்ச நாள் பொறுங்க மதினி."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"பொறுங்க."

ஹாஜரா மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. அதையும் ஸஹ்றா இனாஸின் கணக்கில்தான் சேர்த்தாள்.

இருபத்தாறாம் நாள் முதல் இறால் செத்தது. பிறகு ஒவ்வொரு காலையும். ஸஹ்றா செத்தவற்றைத் தொட்டி வாரியாகப் போத்தல்களில் போட்டு, திகதி எழுதி அடுக்கினாள். காலைக் கூட்டத்துக்கு முன் தொட்டியருகே குனியும்போது அவளுக்குள் ஒரு பசி எழும். பச்சை ஒட்டித் தொட்டியில் ஒன்று புரண்டு கிடந்தால் அன்றைய பாடம் நன்றாக நடக்கும். அப்படி மகிழ்வது அழகில்லை என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த இறால்கள் ஒரு பாவமும் அறியாதவை. நானாவின் இறால்களும் அப்படித்தான்.

முப்பத்தாறாம் நாள், விஞ்ஞான தினத்துக்கு நான்கு நாள் இருக்க, இனாஸை வரச் சொன்னாள். பச்சை ஒட்டித் தொட்டிகளில் நூற்றிருபதில் நாற்பத்தொன்று மிச்சம். மற்றவற்றில் நூற்றொன்பது. உயிரோடிருந்த ஒன்றைப் பச்சைத் தொட்டியிலிருந்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"அமத்திப் பாருங்க நானா."

அவன் பெருவிரலால் அமர்த்தினான். ஓடு உள்ளே போய் அப்படியே நின்றது. இன்னொன்றை மற்றத் தொட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். அது வாலால் அவன் மணிக்கட்டில் அடித்துத் துள்ளித் தரையில் விழுந்தது.

இனாஸ் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தான் ஒட்டிய ஒட்டிகளைப் பார்த்தான். முகநூலில் தான் போட்ட படங்கள் அப்போதுதான் அவன் ஞாபகத்துக்கு வந்திருக்கும். "நீங்க... இதுக்குத்தானா டீச்சர்?"

"ஓம். இதுக்குத்தான்."

"யா அல்லாஹ்." அவன் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்திச்சுதான். அந்த மூணு பேரும் கோல் பண்ணினப்பவே வந்திச்சு. சாப்பாட்டுலதான் பிழை என்டு ஊர் கதைக்க முந்தி, என்னமும் ஒண்டச் சொல்லணும் என்டு..."

"நானாட பேரச் சொன்னீங்க."

"வேற பேர் வாயில வரல்ல."

அவள் அவனை அடிக்கக்கூடும் என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

"விஞ்ஞான தினத்துல ஊரே வந்து இதப் பார்க்கப் போகுது. வெள்ளிக்கிழமை சங்கம் கூடுது. எல்லாத்தையும் சொல்லணும். லொறிக்காரன் பொய் என்டும் சொல்லணும்."

"சொன்னா இதோட விட்டுருவீங்களா? மேலிடத்துக்குப் போக மாட்டீங்களே? கடைய மூடிப் போடுவாங்க டீச்சர்."

"விட்டுருவேன்," என்றாள் ஸஹ்றா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சங்க மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஸஹ்றா போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்தாள். முதலில் அவள் விளக்க வேண்டியிருந்தது.

"பள்ளியில தொழுகைக்கு வரிசையா ஸஃப் நிக்கிறீங்களே, தோளோட தோள் சேர்ந்து. கலத்துட சுவரும் அப்படித்தான். கொழுப்பு ரெண்டு வரிசையா நிக்கும். இடைவெளி விழுந்தா கொலஸ்ட்ரோல் வந்து அந்த இடத்துல நிண்டு வரிசைய இறுக்கும். சோயாட ஸ்டெரோலும் வந்து நிக்கும். ஆனா அது இடுப்புல ஒரு பையக் கட்டிட்டு வந்த ஆள் மாதிரி. பக்கத்தில உள்ளவர் ஒட்டி நிக்க ஏலாது. ஸஃப் வளையும். சோயாச் செடிக்கு அது பழகின ஸஃப்தான். ஒரு குறையும் இல்ல. இறாலுக்கு ஒத்துவராது."

"அப்ப என்ட குளத்துல ஏன் மகள் சாகல்ல?" என்று முத்தலிபு கேட்டார். "நானும் அந்தப் பச்சைப் பைதானே போட்ட?"

"கணவாய்க் குடலும் போட்டீங்கதானே மாமா?"

"ஓம், போட்ட."

"அதுல கொலஸ்ட்ரோல் ஈக்கி. நானா அத நிப்பாட்டிட்டாரு."

முத்தலிபு ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்னால் யாரோ, "இறாலுக்கும் பிரஷர் குளிசை குடுத்திருப்பான் பாவி," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டார்கள்.

இனாஸ் எழுந்தான். சொன்னான். மதகு திறக்கப்படவில்லை, லொறிக்காரன் என்று ஒருவன் இல்லை, சாப்பாட்டில்தான் குறை. கால் நடுங்கியது, ஸஹ்றா குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஆனால் அவன் அங்கே நிறுத்தவில்லை. "சோயா நல்லம் என்டு டீச்சர்தான் எனக்குச் சொல்லித் தந்தா. கலியாண வீட்டுல வெச்சுச் சொன்னா. கேட்டுப் பாருங்க."

நாற்பது தலைகள் திரும்பின.

"சொன்னேன்," என்றாள் ஸஹ்றா. "மனுசனுக்குச் சொன்னேன். இறாலுக்கா என்டு அவரும் கேக்கல்ல, நானும் யோசிக்கல்ல."

தடை நீக்கப்பட்டது. நளீமின் பெயர் குறிப்பேட்டில் திருத்தப்பட்டது. அஸர்த் தொழுகைக்குப் பிறகு முத்தலிபுவும் இன்னும் பன்னிரண்டு பேரும் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஸஹ்றா கேற்றைத் திறக்காமல், அதன் மேலாகவே பொதிகளை வாங்கிக்கொண்டு, "மதினி இத்தாவில ஈக்கிறா," என்று மட்டும் சொன்னாள். நியாயமான காரணம். அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் கேற்றைப் பிடித்தபடி நின்றாள். ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. இனாஸின் கடை நாளையும் திறக்கும். பச்சை ஒட்டியைக் கிழித்துவிட்டு அதே பைகளை வண்ணாத்திவில்லுப் பக்கத்துக்கு அனுப்புவான். ஒரு மாதத்தில் ஊர் மறந்துவிடும். நளீமுக்கு மட்டும்தான் திரும்பி வர வழியில்லை.

திங்கட்கிழமை காலை அவள் லீவு போட்டுவிட்டு, போத்தல்களைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கினாள். ஹாஜரா வாசலில் நின்றாள்.

"சிலாபத்து மேலிடத்துக்கா?"

"ஓம்."

"விட்டுருவேன் என்டு அவனுக்கு வாக்குக் குடுத்தியாமே."

"குடுத்தேன்."

ஹாஜரா தடுக்கவில்லை. "அந்தக் கலியாண வீட்டுக் கதை. எனக்கிட்ட நீ சொல்லவே இல்லியே புள்ள," என்று மட்டும் கேட்டாள்.

"என்ட பேரச் சொல்லித்தான் அவன் வித்தான் என்டு, நானா மௌத்தாகி ரெண்டு கிழமைக்குப் பொறகுதான் எனக்கே தெரியும். அவன்ட கடைப் பெடியன் சொல்லித்தான். சொல்ல வாய் வரல்ல."

ஹாஜரா உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, அழைக்கவும் இல்லை.

சிலாபத்தில் நீர்வாழ் உயிரின வளர்ப்பைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். உடப்புக்காரர், தமிழில் கதைத்தார். ஆறு பக்க முறைப்பாட்டை நிதானமாக வாசித்தார். ஒரு போத்தலைத் திறந்து, இறாலை அமர்த்திப் பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"அந்தப் பையில இருந்த தீவனம் சாம்பிளுக்கு இருக்கா மிஸ்?"

மூன்று கிலோ கொண்டுவந்திருந்தாள். ஒட்டியோடு.

"இது நிண்டுபிடிக்கும்," என்றார் அவர். "கடை அனுமதிப்பத்திரம் போயிரும். பொய் சொன்னதுக்குப் பொலிஸ்லயும் ஒரு முறைப்பாடு போடலாம்." பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். பொறுப்பானவர்கள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. "முதல்ல இருக்கிறது உங்கட பேரெல்லோ? விசாரணைக்கு உங்களையும்தான் கூப்பிடுவினம். பாடசாலைக்கும் கடிதம் போகும். இதை எடுத்துவிட்டா என்ன? ஒருத்தருக்கும் தெரியாது."

"இருக்கட்டும்," என்றாள் ஸஹ்றா. "என்னைக் கூப்பிடுற அண்டைக்கே அவரையும் கூப்பிடுங்க. ஒரே அறையில."

அதிகாரி முத்திரையை எடுத்து அந்தப் பக்கத்தில் குத்தினார்.